கனடாவின் வடகோடி ஊர்களுக்குக் கட்டட மெக்கானிக்கல் டிசைன்: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மெக்கானிக்கல் படித்துவிட்டுக் கனடாவுக்கு வந்து, டொராண்டோ, எட்மண்டன் பக்கம் கட்டடத் துறையில் வேலை தேடுகிறவர்களில் பலருக்கு இந்தப் பக்கம் ஒரு வாழ்க்கை இருப்பதே தெரியாது. நுனாவுட், வடமேற்குப் பிரதேசங்கள், யூகான் என்று வடக்கே மூன்று பிரதேசங்கள். அங்கே சில நூறு பேரிலிருந்து சில ஆயிரம் பேர் வரை வாழும் சிறு ஊர்கள். அந்த ஊர்களின் பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், தீயணைப்பு நிலையம், அரசு வீடுகள் எல்லாவற்றுக்கும் வெப்பம், காற்று, தண்ணீர், கழிவு, எரிபொருள் அமைப்புகளை யாராவது டிசைன் செய்ய வேண்டும். அந்த வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எப்படி உள்ளே நுழைவது, எதைப் படிப்பது, முதல் சில வருடங்களில் எதில் கவனம் வைப்பது என்று எனக்குத் தெரிந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஒன்றை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். தெற்கே ஒரு பாய்லர் நின்றால் ஃபோன் போட்டு மெக்கானிக்கை வரவழைக்கலாம். வடக்கே பனிப்புயல் அடித்தால் விமானமே நாள்கணக்கில் வராது. அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் ஆள் ஒருவர், கையில் இருக்கிற பாகங்களை வைத்து, நள்ளிரவில், மைனஸ் 40 டிகிரியில், நீங்கள் வரைந்ததைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். டிசைனில் எதை முடிவு செய்தாலும் அந்த ஆளை நினைத்து முடிவு செய்யுங்கள்.

1. முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

நுனாவுட் 1999 ஏப்ரல் 1 அன்று தனிப் பிரதேசமானது. 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னொன்றுக்குச் சாலை கிடையாது, தெற்கிலிருந்தும் கிடையாது. 2021 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகை 36,858. அதில் தலைநகர் இக்காலுயிட்டில் மட்டும் ஏழாயிரத்துச் சொச்சம். ஆள் போவது விமானத்தில், சரக்கு போவது கோடையில் மட்டும் வரும் கப்பலில். வடமேற்குப் பிரதேசங்களில் 33 ஊர்கள் உண்டு, அவற்றில் சிலவற்றுக்குச் சாலை இருக்கிறது, சிலவற்றுக்கு உறைந்த ஆறு ஏரிகளின் மேல் போடும் குளிர்காலச் சாலை மட்டும்தான். ஆர்க்டிக் கடற்கரையில் இருக்கும் துக்டோயாக்டுக்குக்கு இனுவிக்கிலிருந்து நிரந்தரச் சாலை திறந்ததே 2017 நவம்பரில்.

மின்சாரத்தை இதைவிட முக்கியமாகக் கவனியுங்கள். நுனாவுட்டில் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி டீசல் மின்நிலையம், ஒன்றோடொன்று இணைக்கும் கம்பி எதுவும் இல்லை. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் இருக்கிறது. ஜெனரேட்டரில் எரித்தால் அதில் மூன்றரை, நான்கு யூனிட் மின்சாரமாகக் கிடைக்கும். பாய்லரில் எரித்தால் எட்டு யூனிட்டுக்கு மேல் வெப்பமாகவே கிடைக்கும். அதனால்தான் மின்சார ஹீட்டரை வரைபடத்தில் போட்டால் சீனியர் உடனே அதைக் கோடு போட்டு நீக்கிவிடுவார். ஆனால் யெல்லோநைஃபிலும் வைட்ஹார்ஸிலும் பெரும்பகுதி நீர்மின்சாரம், அங்கே கணக்கு வேறு. "வடக்கு" என்று மொத்தமாக ஒரே கணக்குப் போடாதீர்கள், ஒவ்வோர் ஊருக்கும் எரிபொருள் என்ன, விலை என்ன, யார் கொண்டுவருகிறார்கள் என்று தனியாகக் கேளுங்கள்.

அந்த மின்நிலையமும் எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது. 2015 ஏப்ரலில் பங்னிர்டுங் ஊரின் மின்நிலையம் தீயில் எரிந்துபோய், ஊருக்கே அவசரநிலை அறிவித்து, வெளியிலிருந்து ஜெனரேட்டர்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே நீங்கள் டிசைன் செய்யும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: மின்சாரம் போய்விட்டால் இது எத்தனை மணி நேரத்தில் உறைய ஆரம்பிக்கும், அதற்குள் யாருக்கு எப்படித் தெரியும்?

2. உரிமம்

கனடாவில் உரிமம் இல்லாமல் உங்களை "எஞ்சினியர்" என்று போட்டுக்கொள்ளக் கூடாது, ரெஸ்யூமேயிலும் கவனம். வடமேற்குப் பிரதேசங்களுக்கும் நுனாவுட்டுக்கும் சேர்த்து உரிமம் தருவது நேப்பெக் என்ற ஒரே சங்கம். யூகானுக்குத் தனியாக எஞ்சினியர்ஸ் யூகான். ஏற்கெனவே ஒண்டாரியோவிலோ ஆல்பர்ட்டாவிலோ பி.எங். என்ற எஞ்சினியர் உரிமம் வாங்கியிருந்தால் அதை வைத்து வடக்கே பதிவு செய்வது பெரிய வேலை இல்லை. இந்தியாவிலோ இலங்கையிலோ படித்து வந்தவர்கள் பட்டத்தை மதிப்பிடக் கொடுக்க வேண்டும், சட்டமும் நெறிமுறையும் பற்றிய தொழில்முறைத் தேர்வு எழுத வேண்டும், பொதுவாக நான்கு வருட அனுபவத்தைக் காட்ட வேண்டும். கனடாவிலேயே ஒரு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற விதியை ஒண்டாரியோ 2023இல் எடுத்துவிட்டது, மற்ற இடங்களில் அன்றைய விதியை நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உரிமம் வரும்வரை பயிற்சி எஞ்சினியராகப் பதிவு செய்துகொண்டு வேலையை ஆரம்பிக்கலாம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

3. முதல் வேலை

பெரும்பாலான வேலை ஆலோசனை நிறுவனங்களில்தான். யெல்லோநைஃப், இக்காலுயிட், வைட்ஹார்ஸில் அலுவலகம் வைத்திருப்பவை உண்டு. ஆட்டவா, வினிபெக், எட்மண்டனில் உட்கார்ந்து வடக்குக்கு வேலை செய்பவையும் உண்டு. பிரதேச அரசுகளிலும் வீட்டுவசதிக் கழகங்களிலும் திட்ட அதிகாரியாகச் சேரலாம். என் கருத்தைக் கேட்டால், முடிந்தால் இரண்டு வருடமாவது வடக்கிலேயே குடியிருங்கள். தெற்கிலிருந்து வரைபவர்களில் நல்லவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், ஆனால் ஜனவரியில் ஒரு கட்டடத்துக்குள் நடந்து போய் நுழைவாயிலில் பனி எங்கே குவிகிறது, கண்ணாடியில் ஈரம் எப்படி உறைகிறது என்று தினமும் பார்க்கிறவருக்குக் கிடைக்கும் அறிவு வேறு.

ஒரு எச்சரிக்கை: வடக்கே வாடகைக்கு வீடு கிடைப்பது மிகக் கஷ்டம். வேலைக் கடிதத்தில் வீடு தருவதாக எழுத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

4. படிக்க வேண்டியவை

நுனாவுட் அரசும் வடமேற்குப் பிரதேச அரசும் தனித்தனியாக, வடக்கே நல்ல கட்டட முறைகள் என்ன என்று வழிகாட்டி நூல்கள் வெளியிட்டிருக்கின்றன, இலவசமாகவே கிடைக்கும். தேசியக் கட்டட விதி எல்லோருக்கும் தெரியும், இந்த நூல்களை வடக்குக்குப் புதிதாக வரும் பலர் திறப்பதே இல்லை. திறங்கள். ஒவ்வொரு பரிந்துரைக்குப் பின்னாலும் எங்கோ ஒரு ஊரில் உறைந்து வெடித்த குழாய் இருக்கிறது, காரணத்தையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். அப்புறம், எண்ணெய் எரிக்கும் கருவிகளுக்காகக் கனடாவின் தர நிர்ணய அமைப்பான சி.எஸ்.ஏ. வெளியிடும் பி139 விதித்தொகுப்பு. எரிவாயு வேலையில் பழகியவர்களுக்கு எண்ணெய் பர்னர், தொட்டி, குழாய் எல்லாம் புதிது. இதை வரி வரியாகப் படியுங்கள். ஒரு சொட்டுக் கசிவும் சின்ன விஷயம் இல்லை: 2021 அக்டோபரில் இக்காலுயிட்டின் குடிநீரில் எரிபொருள் கலந்தது தெரிந்து, ஊரே குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்ற நிலை வந்தது.

5. வெப்பக் கணக்கு

சென்னையிலோ துபாயிலோ ஏ.சி. டிசைன் செய்தவர்களுக்குச் சூத்திரம் எல்லாம் அதேதான், அளவுகள் மட்டும் தலைகீழாகிவிடும். இக்காலுயிட், யெல்லோநைஃப், இனுவிக் எல்லாவற்றுக்கும் டிசைன் வெப்பநிலை, அதாவது கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் கடுங்குளிர், மைனஸ் 40ஐ ஒட்டி வரும். டொராண்டோவில் ஓராண்டுக்கு 3,500 சொச்சம் வரும் டிகிரி-நாள் கணக்கு (ஒவ்வொரு நாளும் எவ்வளவு குளிர் என்று கூட்டிய தொகை), இக்காலுயிட்டில் பத்தாயிரத்தை நெருங்கும்.

பாய்லர் இரண்டு போடுங்கள், ஒன்று நின்றாலும் மற்றது கட்டடத்தை உறையவிடாமல் காப்பாற்றும் அளவில். இரண்டும் ஒரே மாடல், ஒரே பர்னர். அதுவும் அந்த ஊரில் மற்றக் கட்டடங்களில் ஏற்கெனவே இருக்கும் பர்னராக இருக்கட்டும். ரியெல்லோவோ பெக்கெட்டோ, எந்த நிறுவனத்தின் பர்னர் அங்கே ஓடுகிறதோ அதன் நாசிலும் பம்பும் யாராவது அலமாரியில் வைத்திருப்பார்கள். திறன் இரண்டு சதவீதம் கூடுதல் என்று யாருக்கும் தெரியாத புது மாடலை எழுதாதீர்கள், அந்த இரண்டு சதவீதம் ஒரே ஒரு பழுதில் போய்விடும்.

வெப்பக் குழாயில் ஓடுவது வெறும் தண்ணீராக இருக்காது, உறையவிடாமல் தடுக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் சேர்ந்த கலவை. பாதிக்குப் பாதி கலந்தால் உறைநிலை மைனஸ் 34 வாக்கில் வரும். அதற்குக் கீழே போனாலும் கூழாகுமே தவிர குழாயை வெடிக்கவிடாது. ஆனால் தண்ணீரைவிடக் குறைவாகவே வெப்பம் சுமக்கும், குளிர்ந்தால் கெட்டியாகும், அதனால் பம்பையும் ரேடியேட்டரையும் தண்ணீர்க் கணக்கில் தேர்ந்தெடுத்தால் தப்பு. கூடவே கிளைக்கால் நிரப்பக் கைப்பம்பும் தொட்டியும், கலவையைச் சோதிக்கும் கருவியும் ஸ்பெக்கில் (என்னென்ன வேண்டும் என்று ஒப்பந்தக்காரருக்குத் தரும் எழுத்து விவரத்தில்) எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் கட்டடத்தில் இருக்காது.

எண்ணெய்த் தொட்டி வெளியே இருக்கும். குளிரிலும் கெட்டியாகாத ஆர்க்டிக் டீசல்தான் வருகிறது என்றாலும், உள்ளே ஒரு சிறு தொட்டி வைத்து எண்ணெயை அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பர்னருக்குக் கொடுப்பது நல்லது. குளிர்ந்த எண்ணெய் நாசிலில் சரியாகத் தெளிக்காது, புகை வரும், கரி அடையும்.

6. காற்று: அதிக நேரம் இங்கே செலவிடுங்கள்

வடக்கே நல்ல டிசைனரையும் சுமாரானவரையும் பிரித்துக் காட்டுவது காற்றோட்டம்தான் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் கணக்கு. விநாடிக்கு 1,000 லிட்டர் வெளிக்காற்று, ஒரு சின்னப் பள்ளிக்கே தேவைப்படும் அளவு. மைனஸ் 40இலிருந்து 20க்குக் கொண்டுவரச் சுமார் 74 கிலோவாட் வேண்டும். சுவரும் கூரையும் நன்றாகக் காப்பிட்ட கட்டடத்தில் இது பெரும்பங்கு. ஆகவே வெளியேறும் காற்றின் வெப்பத்தை மீட்காமல் முடியாது. மீட்கப் போனால் உறைபனி வந்து நிற்கிறது: உள்ளே 20 டிகிரியில் 30 சதவீத ஈரப்பதம் இருக்கும் காற்று, கருவியின் குளிர்ந்த தகடுகளைத் தொட்டதும் தண்ணீராகி, உடனே பனியாகி, வழியை அடைத்துவிடும். எச்.ஆர்.வி. என்று சொல்லும் சாதாரண வெப்ப மீட்புக் காற்றோட்டக் கருவிகள் இதற்கு என்ன செய்யும் என்றால், வெளிக்காற்றை நிறுத்திவிட்டு அறைக்காற்றையே சுற்றவிட்டுப் பனியை உருக்கும். தெற்கே எப்போதாவது நடக்கும் இது, வடக்கே மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப நடக்கும். அதாவது ஜனங்கள் எல்லோரும் உள்ளே அடைந்து கிடக்கும் மாதங்களில்தான் வெளிக்காற்று அடிக்கடி நின்றுபோகிறது. இதற்கு இரண்டு வழி. உள்ளே வரும் காற்றைக் கிளைக்கால் காயிலால் முன்கூட்டியே கொஞ்சம் சூடாக்குவது ஒன்று. இரண்டு உலோகத் தொகுதிகள் மாறிமாறி, ஒன்று வெளியேறும் காற்றிலிருந்து சூட்டை வாங்க, மற்றது வரும் காற்றுக்குக் கொடுக்க, நிமிடத்துக்கு ஒருமுறை காற்றின் திசையை மாற்றும் கருவி இன்னொன்று. பனி சேர்வதற்குள் திசை மாறிவிடுவதால் அடைப்பு வராது. பெரிய கட்டடங்களுக்கு நான் இரண்டாவதை விரும்புகிறேன், ஆனால் அதன் டேம்பர் (காற்று வழியைத் திருப்பும் கதவு) மோட்டார்கள் ஓயாமல் உழைப்பவை, உதிரி மோட்டார் கட்டடத்திலேயே இருக்க வேண்டும்.

அடுத்து, காற்று உள்ளே வரும் வாய். மரமே இல்லாத நிலத்தில் காற்றோடு பறக்கும் பனி மாவு மாதிரி நுண்ணியது. சாதாரண லூவரை (சாய்ந்த பட்டைகள் வைத்த ஜன்னலை) போட்டால் நேரே உள்ளே புகுந்து ஃபில்டரில் அடைந்து, உருகி, டக்ட்டில் தண்ணீர் நிற்கும். வாயைக் கீழ்நோக்கித் திறந்த பெரிய கூண்டாக, காற்று மிக மெதுவாக ஏறும்படி அமையுங்கள், பனி அங்கேயே கீழே விழுந்துவிடும். உள்ளே ஒரு பெட்டியறை, வடிகால், ஆள் கை நுழைத்துப் பனியை அள்ள ஒரு கதவு. எந்தச் சுவரில் வைப்பது? காற்று உரசிக்கொண்டு ஓடும் பக்கத்தில். காற்றுக்கு மறைவான பக்கத்தில் பனி கூரை வரை குவிந்து வாயையே மூடிவிடும். எந்தப் பக்கம் குவியும் என்பதை வானிலைத் தரவில் தேடுவதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

வறட்சியும் ஈரமும் சேர்ந்தே வரும். மைனஸ் 40 காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே, மூக்கில் ரத்தம் வரும் அளவு வறட்சி. ஆனால் நுனாவுட் வீடுகளில் நெரிசல் அதிகம், ஒரே வீட்டில் பலர் சமைத்து, குளித்து, துணி காயவைக்கும்போது ஈரம் மூலைகளில் படிந்து பூஞ்சை பிடிக்கிறது. அங்கே வாழும் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் கைக்குழந்தைகளிடம் நுரையீரல் தொற்று மிக அதிகம், வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்கும் அதற்கும் உள்ள தொடர்பை மருத்துவ ஆய்வாளர்களும் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஒரு வீட்டு எச்.ஆர்.வி. சத்தம் போடுகிறது, குளிர்காற்றை முகத்தில் ஊதுகிறது என்று குடும்பம் அதை அணைத்து வைத்துவிட்டால், தப்பு அந்தக் குடும்பத்தின்மேல் இல்லை, டிசைனில் இருக்கிறது. படுக்கைக்கு மேலே கிரில்லை வைக்காதீர்கள், சத்தத்தைக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று: அங்கே மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து வரையுங்கள். கல் சிற்பம் செதுக்கும் தூசி, தோல் பதனிடுதல், வேட்டையாடிய கடல்நாயையும் கரிபு என்ற வடக்கத்திய மானையும் தரையில் விரித்து வெட்டுவது, பனிவண்டி எஞ்சினை உள்ளே கொண்டுவந்து பழுதுபார்ப்பது, இவற்றுக்கெல்லாம் இடமும் தனிக் காற்று வெளியேற்றமும் வேண்டும். தெற்கத்திய வீட்டு வரைபடத்தில் இவை எதுவும் இருக்காது.

7. தண்ணீர், கழிவு, கீழே இருக்கும் மண்

ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் பெர்மாஃப்ராஸ்ட் மண்ணின் மேல் கட்டடம் நிற்கிறது. கட்டடத்தின் சூடு இறங்கினால் மண் உருகி, கட்டடம் சாயும். அதனால் பெரும்பாலும் தூண்களின் மேல் தூக்கிக் கட்டி அடியில் காற்றோட விடுவார்கள். மெக்கானிக்கல் எஞ்சினியருக்கு இதன் பொருள், குழாய் எல்லாம் கட்டடத்தின் சூடான பக்கத்துக்குள் இருக்க வேண்டும், வெளிச்சுவருக்குள் ஒன்றுகூடப் போகக் கூடாது, சூடான எதுவும் அடியில் கசியக் கூடாது. 1950களில் புதிதாக எழுந்த இனுவிக்கில் தண்ணீர், கழிவுக் குழாய்கள் தரைக்கு மேலே பெட்டிக்குள் ஓடுவதைப் பார்க்கலாம். இக்காலுயிட்டின் ஒரு பகுதியில் காப்பிட்ட குழாய்கள் மண்ணுக்குள். நுனாவுட்டின் மற்ற ஊர்களில் பெரும்பாலும் லாரிதான்: தண்ணீர் லாரி வந்து வீட்டுத் தொட்டியை நிரப்பும், இன்னொரு லாரி கழிவை உறிஞ்சிக்கொண்டு போகும்.

இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது: கழிவுத் தொட்டி தண்ணீர்த் தொட்டியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். நிறைந்தால் ஃப்ளோட் சுவிட்ச் தண்ணீர்ப் பம்பை நிறுத்த வேண்டும், வெளியே ஒரு விளக்கு எரிய வேண்டும். நிரப்பும் குழாய் தொட்டியை நோக்கிச் சரிந்து முழுக்க வடிய வேண்டும், ஒரு குவளை தண்ணீர் தங்கினாலும் அடுத்த முறை லாரி வரும்போது அது பனிக்கட்டியாக இருக்கும். கூரைக்கு மேலே போகும் வென்ட் குழாயின் வாயில் ஈரக்காற்று படிந்து படிந்து உறைந்து மூடிக்கொள்ளும், பிறகு கழிப்பறைகளில் நாற்றம் வரும். அதை ஒரு அளவு பெரிதாக்கி, காப்பிட்டு, வெளியே குட்டையாக விடுங்கள்.

8. கப்பல் நாள்காட்டி

நுனாவுட்டில் உங்கள் காலண்டரை நடத்துவது கப்பல். ஜூலையிலிருந்து அக்டோபர் வரைதான் கடல் திறந்திருக்கும், ஓர் ஊருக்குக் கோடையில் சில தடவை மட்டும் வரும். இக்காலுயிட்டில் 2023இல் ஆழ்கடல் துறைமுகம் திறந்தார்கள். பல ஊர்களில் இன்னும் கப்பல் தூரத்தில் நிற்க, சிறு படகில் ஏற்றிக் கடற்கரையில் இறக்குவதுதான். பின்னிருந்து எண்ணுங்கள்: கோடைக் கப்பலில் பாய்லர் ஏற வேண்டுமென்றால் வசந்தத்துக்கு முன் ஆர்டர் போயிருக்க வேண்டும், அதற்கு முன் ஷாப் டிராயிங்குகளை (சப்ளையர் ஒப்புதலுக்கு அனுப்பும் வரைபடங்களை) நீங்கள் பார்த்து முடித்திருக்க வேண்டும், டெண்டர் குளிர்காலத்திலேயே முடிந்திருக்க வேண்டும், அப்படியென்றால் டிசைன் முந்தைய இலையுதிர் காலத்தில். உங்கள் மேசையில் ஒரு ஷாப் டிராயிங் மூன்று வாரம் தூங்கினால் ஒரு பள்ளிக்கூடம் ஒரு வருடம் தள்ளிப்போகலாம். விமானத்தில் கொண்டுவரலாம், ஆனால் விமானத்தின் கதவில் நுழைய வேண்டும், விலையைக் கேட்டால் தலை சுற்றும். எதையும் வரையும்போது, இது எந்தக் கதவு வழியாகப் போகும், கிரேன் இல்லாமல் யார் தூக்குவார்கள் என்று பாருங்கள். பகுதி பகுதியாகப் பிரிக்கக்கூடிய வார்ப்பிரும்பு பாய்லர் இதற்காகவே பல இடங்களில் வசதி.

9. சைட் பயணம்

பார்க்கா என்ற தடித்த குளிர்க்கோட்டு, பூட்ஸ், கையுறை மூன்றிலும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். திரும்பும் நாள் நிச்சயம் இல்லை என்று வைத்துக்கொண்டு மருந்து, சாப்பாடு கூடுதலாக எடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் பருப்பும் அரிசியும் பெட்டியில் கொண்டுபோவது புத்திசாலித்தனம். சில ஊர்களில் மதுவுக்குத் தடை அல்லது கட்டுப்பாடு உண்டு, முன்பே விசாரியுங்கள். ஃபோன், கேமரா பேட்டரிகளைச் சட்டைக்குள் வையுங்கள். பார்த்ததை எல்லாம் படமெடுங்கள், பெயர்ப்பலகை, வால்வு, கதவின் அகலம் உட்பட, ஏனென்றால் மறந்துபோன ஓர் அளவுக்காகத் திரும்பிப் போக முடியாது.

ஊருக்குப் போனதும் முதலில் பராமரிப்பாளரைப் பாருங்கள், ஹாம்லெட் அலுவலகத்துக்கும் (ஊராட்சி அலுவலகம்) போங்கள். பெரியவர்களிடம் பேசும்போது அவசரப்படாதீர்கள். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மௌனத்தை நீங்கள் நிரப்ப வேண்டியதில்லை. நுனாவுட்டில் பெரும்பான்மையோர் இனுயிட், பலருக்கு முதல் மொழி இனுக்டிடுட், தேவையானால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். 1993 நுனாவுட் ஒப்பந்தத்தின் அடிப்படையில் அரசு ஒப்பந்தங்களில் இனுயிட் நிறுவனங்களுக்கும் தொழிலாளர்களுக்கும் முன்னுரிமை உண்டு. அதைக் கட்டாயத்துக்குச் செய்யும் வேலையாகப் பார்க்காதீர்கள், கட்டும்போதே குழாய் போட்ட உள்ளூர் இளைஞர்தான் பத்து வருடம் கழித்து அந்தப் பாய்லரைத் திறக்கப் போகிறவர். அவருக்குப் பயிற்சி தருவதை ஸ்பெக்கிலேயே நாள்கணக்கோடு எழுதுங்கள், வால்வுகளுக்கு எண் போட்ட பெரிய படத்தை மெக்கானிக்கல் அறைச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

10. வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது

நேர்காணலில் சம்பளமும் வடக்குப் படியும் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பயிற்சி எஞ்சினியரை சைட்டுக்கு அனுப்புவீர்களா, முதல் வருடத்திலேயே அனுப்புவீர்களா என்று கேளுங்கள். டிராயிங்கில் கையெழுத்துப் போடுகிறவர் அந்த ஊரைக் கண்ணால் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். கடைசியாக, அந்த நிறுவனம் டிசைன் செய்து முடித்த கட்டடங்களை முதல் குளிர்காலத்தில் யார் போய்ப் பார்த்தார்கள், பராமரிப்பாளர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். இதற்குப் பதில் வராத நிறுவனமாக இருந்தால் வேறு இடத்தில் விண்ணப்பியுங்கள்.